கமலநாதன் வாயை மூடிய வாரம்

என் கணவர் கமலநாதனிடம் ஒரு ரகசியத்தைச் சொல்வதும், ஸ்கூடாய் ராத்திரிச் சந்தையில் மைக் பிடித்துச் சொல்வதும் ஒன்றுதான். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. அவரே சொல்லிக்கொள்வார்: "எனக்கு வயிறு சின்னது, ஒண்ணும் தங்காது."

என்னைப் பெண் பார்க்க வந்த அன்றே அது தெரிந்துவிட்டது. அவருடைய அண்ணன் எங்கள் வீட்டாரிடம், "தம்பி எஸ்.பி.எம். பாஸ் பண்ணிட்டான்" என்று முடிப்பதற்குள் இவர் குறுக்கே வந்தார். "இல்லீங்க, ரெண்டு பாடத்துல கோட்டை விட்டுட்டேன். அண்ணன்தான் இப்படிச் சொல்லச் சொன்னாரு." அண்ணன் இவர் காலை மிதித்தார். "ஏண்ணே மிதிக்கிறீங்க?" என்று அதையும் எல்லார் முன்னிலையிலும் கேட்டார். தேநீர்த் தட்டோடு நான் உள்ளே வந்துகொண்டிருந்தேன். சிரிப்பை அடக்கியதில் கோப்பைகள் ஒன்றோடொன்று மோதிச் சத்தம் போட்டன. "பொண்ணு சிரிக்குது" என்று அதையும் அறிவித்தார். படிவம் இரண்டோடு படிப்பை நிறுத்தியவள் நான்; நாலு பேர் இருந்தால் ஐந்தாவது வார்த்தை வாயில் வராது. இந்த மனிதரோடு இருந்தால் இரண்டு பேருக்கான பேச்சையும் அவரே பார்த்துக்கொள்வார் என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

பக்கத்து வீட்டு செபஸ்தியனின் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு அவர் மனைவி ரீத்தா ரகசியமாக விருந்து ஏற்பாடு செய்தார். மாலைவரை செபஸ்தியனை வெளியே வைத்திருப்பதுதான் இவர் வேலை. சட்டைக் கடைக்கு அழைத்துப்போய், "நல்லதாப் பாருடா மச்சான், போட்டோல்லாம் எடுப்பாங்கல்ல" என்றிருக்கிறார். எதிர்வீட்டு அங்கம்மாவின் மகள் கர்ப்பமான செய்தி, மருமகனுக்கே இவர் மூலமாகத்தான் தெரிந்தது. எல்லாரும் திட்டுவார்கள், எல்லாரும் சிரிப்பார்கள், மறுநாள் காலை எல்லாரும் ரொட்டி சானாய் கடையில் இவர் மேசையில்தான் உட்காருவார்கள்.

தொழில், பள்ளிக்கூட வேன். முன்பு தொழிற்சாலை பேருந்து ஓட்டினார். இப்போது வெள்ளை வேன் ஒன்று சொந்தமாக இருக்கிறது. விடுமுறை நாட்களில் அதுவே சுற்றுலா வண்டி. அந்த வேனைப் பற்றி ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதன் கடிகாரம் எப்போதும் இருபது நிமிடம் முன்னால் ஓடும். கெட்டுப்போனதால் அல்ல, இவர்தான் அப்படி வைத்திருக்கிறார். அம்மாக்கள் அதை எட்டிப் பார்த்துப் பதறினால்தான் பிள்ளைகள் நேரத்துக்கு வண்டி ஏறும் என்பது இவர் கணக்கு.

என் அண்ணன் மகள் தேன்மொழி ஜொகூர் பாருவில் ஒரு இணையச் செய்தித்தளத்தில் வேலை செய்கிறாள். அறிவியல் செய்தி எழுதுவாள். நோய், காடு, கடல், புகைமூட்டம், எல்லாம் அவள் பாடு. ஒருநாள் மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடி வந்தாள்.

"அத்தை, என்னைச் சேத்துக்கிட்டாங்க! நாலு நாட்டு ஆளுங்க சேந்து ஒரே செய்தியை எழுதப் போறோம். தாய்லாந்து, இந்தோனேசியா, இந்தியா, நம்ம ஊருக்கு நான்!"

"நாலு பேர் எதுக்கு ஒரே செய்தியை எழுதணும்?" என்றார் என் கணவர். "ஒருத்தர் எழுதி மத்தவங்க பாத்து எழுதிக்கலாமே."

"அது காப்பி மாமா. இது கூட்டு வேலை. கடலுக்கு பாஸ்போர்ட் இருக்கா? மீன் இமிகிரேஷன்ல நிக்குமா? ஒவ்வொருத்தருக்கும் அவங்க ஊர்க் கரை மட்டும்தான் தெரியும். சேத்து வெச்சாத்தான் முழுக் கதையும் தெரியும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உங்க வேன் வேணும். மெர்சிங்குக்கு."

பள்ளி விடுமுறையின் கடைசி வாரம். சாப்பாட்டுப் பொட்டலங்களைப் பார்த்துக்கொள்ளும் சாக்கில் எனக்கும் பின்சீட்டில் ஓர் இடம் கிடைத்தது. செனாய் விமான நிலையத்தில் மூவரையும் ஏற்றினோம். தாய்லாந்து பிம், நரைத்த குட்டை முடி, குழுவுக்குத் தலைவி, எதையும் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்புவார். இந்தோனேசியா பாயு, ஒல்லியான இளைஞர், எப்போதும் எதையாவது மென்றுகொண்டிருப்பார். தூத்துக்குடி ஜெனிட்டா, ஏறியதுமே, "அண்ணே, ஏசியைக் கொஞ்சம் கொறைங்களேன்" என்றாள். அவ்வளவுதான், இவருக்குத் தங்கை கிடைத்துவிட்டாள்.

நேர் வழி இருந்தும் ஆயர் ஈத்தாம் சுற்றித்தான் போனார். விருந்தாளிகளுக்குப் பானைக் கடை காட்டாமல் விட முடியாதாம். பிம் ஒரு பெரிய பூந்தொட்டியைக் காட்டி விலை கேட்க, "விமானத்துல அதுக்குத் தனி சீட்டு எடுக்கணும்னு சொல்லு" என்று தேன்மொழியிடம் சொல்லிவிட்டு, அதை இவரே ஆங்கிலத்திலும் சொன்னார், பாயுவுக்காக மலாயிலும் சொன்னார்.

வேனுக்குள் அவர்கள் வேலை செய்த விதத்தை நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். தேடிப்போவது ஒரே பிராணியை. கடலடிப் புல்லை மேயும் பெரிய, சாதுவான கடல்பசு. ஜெனிட்டா அதை ஆவுளியா என்றாள், பாயு டுயுங் என்றார், பிம் பயூன் என்றார். தங்கள் கரையில் அந்தக் காலத்தில் அதைக் கறியாக விற்றார்கள் என்று ஜெனிட்டா சொன்னாள். அதன் கண்ணீரை எடுத்துப் பூசினால் விரும்பியவர் பின்னாலேயே வருவார் என்று தன் ஊரில் ஒரு நம்பிக்கை இருப்பதாகப் பாயு சொல்ல, "எங்கள் ஊரிலும் அதே கதைதான்" என்று பிம் கையை உதறினார். அதை எழுதலாமா கூடாதா என்று சண்டை வந்தது. எழுதினால் நாலு பேர் கண்ணீருக்கு அலைவார்கள் என்றார் பிம். எழுதி, அது பொய் என்று சொல்லாவிட்டால் அலைகிறவன் அலைந்துகொண்டேதான் இருப்பான் என்றாள் ஜெனிட்டா. ஒருவர் எழுதியதை மற்ற மூவரும் வரி வரியாகக் கேள்வி கேட்டார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. சண்டை முடிந்ததும் என் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களைப் பிரித்தார்கள்.

"கண்ணீர் எதுக்கு?" என்றார் கமலநாதன், ஸ்டீரிங்கைப் பிடித்தபடி. "நான் ஒரு சொட்டும் பூசல. என் பின்னால ஒருத்தி வந்துட்டா பாருங்க, பின்சீட்டுல."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் காலை மெர்சிங் படகுத்துறையிலிருந்து, கடலாய்வு செய்யும் ஒரு பேராசிரியையின் படகில் கிளம்பினோம். இடம் இருந்ததால் எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டார்கள். ஒரு தீவின் மறைவில் இயந்திரத்தை நிறுத்திக் காத்திருந்தோம். தண்ணீர் கண்ணாடிபோல் இருந்தது. முதலில் ஒரு மூக்கு வந்தது, பழைய தோல் பையின் மூலை மாதிரி. புஸ் என்று மூச்சு விட்டது. அதன் முதுகை ஒட்டி இன்னொரு மூக்கு, சின்னது. அதுவும் புஸ் என்றது, அம்மா செய்ததைப் பார்த்துச் செய்கிற பிள்ளைபோல.

நான் அவரைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது, ஒரு சொல்லும் வரவில்லை. திருமணமானதிலிருந்து முதல் தடவையாக.

திரும்பும்போதுதான் நிபந்தனை வந்தது. பல வருடமாகக் காணப்படாத ஒரு புல்வெளிக்கு ஒரு தாய் குட்டியோடு திரும்பியிருப்பதைப் பேராசிரியை ஆய்வுக் கட்டுரையாக எழுதியிருக்கிறார். அடுத்த வியாழக்கிழமை மாலை ஏழரை மணிக்கு அது வெளியாகும். நிதானமாகக் கேட்டு, புரிந்து, பிழையில்லாமல் எழுதட்டும் என்றுதான் இவர்களுக்கு முன்கூட்டியே சொன்னார்கள். அந்த நேரம்வரை யாரும் மூச்சு விடக்கூடாது. இவர்கள் தொழிலில் அதற்கு எம்பார்கோ என்று பெயர். ஒருவர் வாயிலிருந்து கசிந்தாலும் நால்வருடைய செய்தியும் போய்விடும். தீவின் பெயரோ, எப்போதுமே எழுதுவதில்லை என்று முடிவு. இடம் தெரிந்தால் மறுநாளே வேடிக்கைப் படகுகள் குட்டியைச் சூழ்ந்துவிடும்.

பிம் மெதுவாகக் கேட்டார். "ஓட்டுநர் எப்படி? நம்பலாமா?"

தேன்மொழி என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "என் மாமா. வாயே திறக்க மாட்டார்."

பாயுவுக்குப் புரை ஏறியது. வழி நெடுக இவர் பேசியதை எல்லாரும் கேட்டிருந்தார்களே.

ஊர் திரும்பி, எங்கள் வீட்டு வாசலிலிருந்து கிளம்பும்போது தேன்மொழி இவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, உங்களுக்காக நான் பொறுப்பு ஏத்துக்கிட்டேன். வெளிய தெரிஞ்சா என்னை நீக்கிடுவாங்க. அதுக்கப்புறம் எந்தக் குழுவும் சேத்துக்காது."

"சீ, என்னம்மா இது! நான் என்ன சின்னப் பிள்ளையா?"

மறுநாள் காலை ரொட்டி சானாய் கடைக்குப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"வாயில வந்துருச்சு! 'மெர்சிங்ல நான் என்ன பாத்தேன் தெரியுமா'ன்னு தொடங்கிட்டேன். எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. 'மீன்'னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்."

சற்று நேரம் கூடத்தில் நடந்தார். பிறகு குளித்துவிட்டு வந்து, முருகன் படத்தின் முன்னால் மஞ்சள் கயிற்றை என்னிடம் நீட்டினார். தைப்பூசத்துக்குக் கட்டுகிற காப்பு மாதிரி மணிக்கட்டில் கட்டச் சொன்னார். "வியாழக்கிழமை ஏழரைவரைக்கும் மௌன விரதம். எழுதியும் காட்ட மாட்டேன், எழுதினாலும் உளறிடுவேன். இந்தா, என் கைப்பேசியையும் நீயே வெச்சுக்க."

ரகசியத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி இல்லை என்று நாங்கள் இருவரும் நம்பினோம். கமலநாதன் பேசினால் எங்கள் குடியிருப்பான அந்தத் தாமானில் யாரும் கவனிக்க மாட்டார்கள், பேசாவிட்டால்தான் கவனிப்பார்கள் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை.

பள்ளி திறந்த முதல் நாளே பிள்ளைகள் மிரண்டுபோயின. வேனுக்குள் அவ்வளவு அமைதியை அவை கேட்டதே இல்லை. தானாகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தன. மத்தியானத்துக்குள் அங்கம்மா வந்துவிட்டார்.

"தங்கச்சி, உண்மையச் சொல்லு. தொண்டையில ஏதும் கட்டியா?"

நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை. மாலையில் கோயிலில் இவர் பெயருக்கு அர்ச்சனை நடந்தது. ரீத்தா தேவாலயத்தில் மெழுகுவர்த்தி ஏற்றினார். வீட்டில் ஆரஞ்சுப் பழம் குவிந்தது. காய்ச்சல் என்றால் கஞ்சி கொண்டுவருவார்கள், பழம் வந்தால் நோய் பெரிது என்று அர்த்தம்.

அடுத்த நாள் செபஸ்தியன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தார். "டேய் மச்சான், என்கிட்ட மட்டும் காட்டுடா. என்ன விஷயம்?"

நாலு நாட்டு விஷயம், கேட்காதே என்று சொல்ல நினைத்து, இவர் நாலு விரலைக் காட்டி வாயில் கை வைத்தார். செபஸ்தியன் கண்கள் விரிந்தன. "நாலு நம்பரா? அடிச்சிருச்சா? அதான் பேச மாட்டேங்குறியா?"

அன்று மாலைக்குள் தொண்டைக் கட்டி மறைந்து, லாட்டரி பிறந்தது. வேனின் பதிவு எண்ணுக்கு அங்கம்மா லாட்டரிச் சீட்டு எடுத்தார். எங்கள் வீட்டு எண்ணை வேறு யாரோ எடுத்தார்கள். இவர் காலையில் இரண்டு தடவை தும்மினார் என்று, அதையும் சேர்த்து ஒருவர் எடுத்தார். எதுவும் விழவில்லை. உடனே, அவர் சாமியாராகப் போகிறார் என்றார்கள்.

தேன்மொழி என் கைப்பேசிக்கு அழைத்தாள். "அத்தை, மாமா ஏன் போன எடுக்க மாட்டேங்குறாரு? என்மேல கோபமா?"

"உனக்காகத்தான்" என்றேன். விரதத்தைப் பற்றிச் சொன்னதும் அந்தப் பக்கம் சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. அவள் குழுவிலும் சொல்லிவிட்டாள் போல. அன்றிலிருந்து தினமும் காலையில் அவள் வழியாக எனக்கு மூன்று படங்கள் வரும்: உதட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு பிம், அதேபோல் பாயு, அதேபோல் ஜெனிட்டா. நான் அவற்றை இவரிடம் காட்டுவேன். இவரும் விரலை உதட்டில் வைப்பார். நான் படம் எடுத்து அனுப்புவேன். நாலு நாட்டுக்காரர்களும் இப்படியே ஒரு வார்த்தை இல்லாமல் குசலம் விசாரித்துக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை வந்தது. ஏழரைக்கு விரதம் முடியும் என்று நான் அங்கம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது. ஏழு மணிக்கெல்லாம் எங்கள் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். யாரோ வடை வாங்கி வந்தார்கள். கூட்டத்தைப் பார்த்தால் வாய் நழுவிவிடும் என்று பயந்து, இவர் வாசலில் நின்ற வேனுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கண்ணாடி வழியாக எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

திடீரென்று கதவு திறந்தது. வேன் படியில் ஏறி நின்று, பல்லால் காப்பை அறுத்தார். எல்லாரும் கை தட்டினார்கள்.

"கேளுங்க எல்லாரும்!" ஒரு வாரமாக மூடியிருந்த குரல் தகரம்போல் கரகரத்தது. "மெர்சிங்ல..."

அப்போது தொழுகைக்கூடமான சுராவிலிருந்து பாங்கு ஒலித்தது. தாமானில் எப்போதும்போல எல்லாரும் அமைதியானார்கள். செபஸ்தியன் வீட்டுப் பாட்டு நின்றது. இவரும் வாயை மூடி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

எனக்கு ஏதோ உறுத்தியது. மாலைப் பாங்கு இப்போதெல்லாம் ஏழு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்திலேயே வந்துவிடும். அது முடிந்து, நான் சாமிக்கு விளக்கேற்றி, அரிசி களைந்து வைத்த பிறகுதான் ஏழரை ஆகும். கைப்பேசியைப் பார்த்தேன். பிறகு வேனைப் பார்த்தேன். பள்ளிக்கூடக் கடிகாரம்!

கூட்டத்துக்கு நடுவே நான் போகிறவள் இல்லை. போனேன். நாற்காலிகளில் இடித்துக்கொண்டு, ஒரு வடைத் தட்டைத் தட்டிவிட்டு, அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். வேன் கடிகாரத்தைக் காட்டினேன். என் கைப்பேசியைக் காட்டினேன். அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அலமாக்" என்று வாய்க்குள் சொன்னார்.

பாங்கு முடிந்தது. அங்கம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "ம், சொல்லு தம்பி. மெர்சிங்ல?"

"மெர்சிங்ல..." என்றார். அவர் சட்டை நுனியை நான் இன்னும் விடவில்லை. "மெர்சிங்குக்குப் போறதுக்கு முன்னால, ஆயர் ஈத்தாம் போனோம்."

"சரி, அங்க?"

"அங்க ஒரு பானைக் கடை."

"பானைக்குள்ள புதையலா?" என்றார் செபஸ்தியன்.

"பானைக்குள்ள காத்துதான்டா. ஆனா அந்தப் பானை இருக்கே..." என்று ஆரம்பித்தார். பானையின் வாய் எவ்வளவு அகலம் என்றார். பிம் அதை விமானத்தில் எப்படி ஏற்றப் பார்த்தார் என்று நடித்தார். என் சம்பலைத் தின்றுவிட்டுப் பாயு தண்ணீர் பாட்டிலுக்கு ஓடியதைச் செய்து காட்டினார். தூத்துக்குடியில் வேன் ஓட்டினால் எத்தனை ஹார்ன் அடிக்க வேண்டும் என்று ஜெனிட்டா சொன்னதை, ஒவ்வொரு ஹார்னாக வாயாலேயே அடித்துக் காட்டினார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

"டேய், விஷயத்துக்கு வாடா!"

"வந்துக்கிட்டே இருக்கேன்லா. க்ளுவாங்ல ஒரு ஜாம்..."

வாழ்நாள் முழுக்க எதையும் மறைக்கத் தெரியாத மனிதர், ஊரே சுற்றி உட்கார்ந்திருக்க, எல்லாவற்றையும் சொல்லி ஒன்றை மட்டும் சொல்லாமல் கடந்துகொண்டிருந்தார். மெர்சிங் படகுத்துறைவரை வந்துவிட்டார். படகில் ஏறிவிட்டார். காற்றைப் பற்றிச் சொன்னார். கயிற்றின் நிறத்தைச் சொன்னார். இனி கடலில் குதித்தால்தான் உண்டு என்கிற நேரத்தில் என் கையில் கைப்பேசி துடித்தது. தேன்மொழி. "வந்திருச்சு!!!" அடுத்தடுத்து நாலு இணைப்புகள், நாலு மொழியில்.

நான் தலையை ஆட்டினேன். இந்த முறை எந்தப் பக்கம் ஆட்டுகிறேன் என்று எனக்குத் தெரிந்தது.

"ஒரு டுயுங் பாத்தோம்!" என்று அவர் கத்தினார். "அம்மாவும் குட்டியும்! ரெண்டும் எங்க பக்கத்துல வந்து புஸ்ஸுன்னு மூச்சு விட்டுச்சு!"

அங்கம்மா மென்றுகொண்டிருந்த வடையை விழுங்கினார்.

"அவ்வளவுதானா?" என்றார் அங்கம்மா. "கடல் மாடா? அதுக்கா நான் உனக்கு அர்ச்சனை பண்ணேன்?"

"நான் உன் வீட்டு நம்பர எடுத்துக் காசை விட்டேன்டா!" என்று யாரோ பின்னாலிருந்து கத்தினார்கள்.

ஆனால் செபஸ்தியன் என் கைப்பேசியை வாங்கி ஜெனிட்டா எழுதியதைத் திறந்து உரக்கப் படிக்க ஆரம்பித்தார். எங்கள் கடலின் கதை, தூத்துக்குடித் தமிழில் எங்கள் வாசலுக்கு வந்தது. குட்டி அம்மாவின் முதுகோடு ஒட்டி மேலே வருகிற இடத்தில் அங்கம்மா, "பாவம், நீச்சல் பழகுது" என்றார். கண்ணீர் மருந்து பொய் என்கிற இடத்தில் ரீத்தா செபஸ்தியனை ஒரு பார்வை பார்த்தார். கடைசி வரியில் ஓட்டுநர் கமலநாதனுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். இந்தோனேசிய மொழியிலும் இருந்தது, தேன்மொழி எழுதியதிலும் இருந்தது. தாய்லாந்து எழுத்தில் எது தன் பெயர் என்று தெரியாமல், "இந்தச் சுருள்தான் நான், தொப்பை தெரியுது பாரு" என்று ஒரு எழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

தேன்மொழி அழைத்தாள். எல்லாருக்கும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தேன். "மாமா! அடுத்த வருஷமும் சேந்து பண்ணப் போறோம். நான் இருக்கேன்! உங்க வேன்தான் வேணும்னு பிம் சொல்லிட்டாங்க!"

கைத்தட்டல் இப்போதுதான் உண்மையில் வந்தது. சிந்திய வடை போக மிச்ச வடை தீர்ந்தது.

"சரி மச்சான்" என்றார் செபஸ்தியன், நாற்காலியை மடக்கியபடி. "ஞாயித்துக்கிழமை நாம எல்லாரும் ஒரு படகு எடுப்போம். எந்தத் தீவு?"

இவர் வாயைத் திறந்தார். திறந்த வாயை மூடினார். குனிந்து, அறுத்துப் போட்ட மஞ்சள் கயிற்றைத் தரையில் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கட்டும்மா" என்றார். "இன்னொரு முடிச்சு கூடப் போடு. மத்ததெல்லாம் கேளுங்கடா, சொல்றேன். இது மட்டும் கிடையாது."

அவரை அவர்கள் அடித்துக் கேட்டார்கள், கிச்சுகிச்சு மூட்டிக் கேட்டார்கள், தேநீர் வாங்கிக் கொடுத்து இன்றும் கேட்கிறார்கள். காப்புக் கயிறு வெளுத்துவிட்டது, வாய் அசையவில்லை. அதற்குப் பதிலாக பானைக் கதை மட்டும் ஒவ்வொரு வாரமும் பெரிதாகிறது. இப்போது அந்தப் பானைக்குள் பாயு விழுந்துவிட்டார்.

அன்று கூட்டம் கலைந்த பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"நீயும் யார்கிட்டயும் உளறிடாத, என்ன?"

என்னிடம்! எனக்கு வந்த சிரிப்பில் அடுக்கிய நாற்காலிகள் அத்தனையும் சரிந்தன. "பொண்ணு சிரிக்குது!" என்று அவர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. இதிலும் எழுதவில்லை, தேடிப் பார்க்காதீர்கள்.